வட கரேலியாவின் வெண்ணெயும் முதுமையின் நினைவும்

ஃபின்லாந்தின் கிழக்கோரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி, ஏரியும் காடுமாகக் கிடக்கிறது வட கரேலியா. 1960களில் அங்கே மரம் வெட்டியும் கறவை மாடு வளர்த்தும் வாழ்ந்த ஆண்கள், நாற்பது ஐம்பது வயதிலேயே மாரடைப்பில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். இதய நோயால் ஆண்கள் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களுள் அது ஒன்று. உடலுழைப்புக்குக் குறைவில்லாத மக்கள்தான் அவர்கள். ஆனால் ரொட்டியின் மேல் தடிமனாகப் பூசிய வெண்ணெய், ஆடை எடுக்காத பால், உப்பு மிகுந்த உணவு, ஓயாத சிகரெட் என்பதே அவர்களது அன்றாடமாக இருந்தது. 1971இல் அந்த மாநிலப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலைநகர் ஹெல்சிங்கிக்கு மனு அனுப்பினார்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைத் தள்ளிப்போடுவதில் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் என்ன பங்கு என்ற கேள்விக்கு இன்று நம் கையில் இருக்கும் பதில்களில் முக்கியமான பகுதி, இதயத்துக்காக எழுதப்பட்ட அந்த மனுவிலிருந்து கிளைத்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

மனுவின் விளைவாக 1972இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பொறுப்பேற்ற பெக்கா புஸ்கா அப்போது முப்பதைத் தொடாத இளம் மருத்துவர். மருந்துச்சீட்டு எழுதிக் கொடுப்பதால் மட்டும் ஒரு மாநிலத்தின் ரத்தக்குழாய்கள் சீராகிவிடாது என்பதை உணர்ந்த அவரது குழு, நேராக அடுப்படிக்குப் போயிற்று. மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தினர் கிராமக் கூட்டங்களில் கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்த உள்ளூர்ப் பதார்த்தங்களைப் பரிமாறி, செய்முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். வெண்ணெய் விற்பனை சரிந்தால் எங்கள் பிழைப்பு என்னாகும் என்று பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தபோது, பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற வழி செய்யப்பட்டது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய் மெல்ல வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. தூளைக் கொதிக்கவிட்டு அப்படியே ஊற்றிக் குடித்த காபி, வடிதாளில் இறக்கிய காபியாக மாறியது. வடிகட்டாத காபியில் கொலஸ்ட்ராலை ஏற்றும் பொருள்கள் உண்டு. எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று கிராமங்களுக்குள் போட்டிகூட நடந்தது. அடுத்த நாற்பதாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணங்கள் 80%க்கும் மேல் குறைந்தன.

இந்தக் கதையின் இரண்டாம் பாகம்தான் நமக்கு வேண்டியது. திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க, 1972, 1977, 1982, 1987 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்து ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைப்பழக்கம், உடற்பயிற்சி அனைத்தையும் குறித்து வைத்திருந்தார்கள். 1998இல், அவர்களுள் 65 முதல் 79 வயதை எட்டியிருந்தவர்களை ஆய்வாளர்கள் மீண்டும் அழைத்தார்கள். 1,449 பேர் வந்தார்கள். இம்முறை சோதிக்கப்பட்டது அவர்களின் நினைவாற்றல். இருபது ஆண்டுகளுக்கு முன் அளந்து வைத்த எண்களையும் இன்றைய நினைவுத் திறனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவத்தில் அரிதாகவே கிடைக்கும். மிய்யா கிவிபெல்டோ முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது: நடுவயதில் ரத்த அழுத்தமோ கொலஸ்ட்ராலோ உயர்ந்திருந்தவர்களுக்கு முதுமையில், மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 2005இல் வெளியான அடுத்த கட்டுரை, நடுவயதில் வாரத்துக்கு இரண்டு முறையாவது மூச்சு வாங்கி வியர்க்கும் அளவுக்கு ஓய்வுநேர உடற்பயிற்சி செய்தவர்களிடம் மறதிநோய் ஏறக்குறையப் பாதி அளவே காணப்பட்டதாகச் சொன்னது.

இதயத்தின் எண்கள் மூளையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? மூளை நம் உடல் எடையில் சுமார் 2%தான்; ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20% அதற்குப் போகிறது. அவ்வளவும் மயிரிழையினும் மெல்லிய ரத்தக்குழாய்களின் வழியே போய்ச் சேர வேண்டும். உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையும் அந்தச் சிறு குழாய்களைத்தான் முதலில் தடிக்கவைத்து இறுக்குகின்றன. விளைவு ஒரே நாளில் பக்கவாதமாக வெடிக்க வேண்டும் என்பதில்லை. மூளையின் வெண்பகுதியில் அங்கங்கே சிறு சிறு சேதங்களாக, நோயாளிக்கே தெரியாமல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகலாம். அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதமும் முதல் மறதி தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே படியத் தொடங்கிவிடுகிறது. ஏற்கெனவே ரத்தக்குழாய் கெட்டிருக்கும் மூளையில் இந்தப் படிவும் சேரும்போது, தாங்கும் வலு சீக்கிரமே தீர்ந்துபோகிறது. முதியவர்களுக்கு வரும் மறதிநோயில் பெரும்பாலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன.

ஆனால் இதுவரை சொன்னவை எல்லாம் கவனித்து எழுதிய கணக்குகள். உடற்பயிற்சி செய்தவர்கள் பொதுவாக அதிகம் படித்தவர்களாகவும், வசதி உள்ளவர்களாகவும், புகைக்காதவர்களாகவும் இருப்பார்கள். நினைவைக் காத்தது பயிற்சியா, மற்றவையா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதற்கு ஒரே வழி, ஒத்த நிலையில் இருப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதிப்பதுதான். 2009 முதல் 2011 வரை ஆள் சேர்த்து ஃபின்லாந்து அதைச் செய்தது. ஃபிங்கர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சோதனையில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் வயது, ரத்த அழுத்தம், எடை, கொலஸ்ட்ரால் முதலியவற்றின் கணக்கில் மறதிநோய் ஆபத்து கூடியவர்கள்; நினைவுத் திறன் அந்த வயதின் சராசரியிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தவர்கள். சுருங்கச் சொன்னால், நம் தெருவில் நாம் பார்க்கும் சாதாரணப் பெரியவர்கள்.

பாதிப்பேருக்கு வழக்கமான ஆரோக்கிய ஆலோசனை மட்டும் கிடைத்தது. மறுபாதிக்கு இரண்டு ஆண்டுகள் ஒரு முழு ஏற்பாடே கிடைத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவரவர் வலுவை அளந்து, தொடை, வயிறு, முதுகு, தோள் என்று ஒவ்வொரு தசைத்தொகுதிக்கும் எவ்வளவு எடை என்று குறித்துக் கொடுத்தார். தசை வலுவுக்கான பயிற்சி வாரத்துக்கு 1 முதல் 3 முறை, நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி 2 முதல் 5 முறை. உணவைப் பற்றித் தனியாக மூன்று சந்திப்புகள், குழுவாக ஏழு முதல் ஒன்பது. அங்கே சொன்னதில் மாயம் எதுவும் இல்லை: காய்கறியும் பழமும் நிறைய, தீட்டாத தானியம், கொழுப்பு குறைந்த பால், வாரத்துக்கு இரண்டு முறையாவது மீன், வெண்ணெய்க்குப் பதில் ரேப்சீட் எண்ணெய், சர்க்கரையில் கட்டுப்பாடு. இவற்றோடு கணினியில் மூளைப் பயிற்சியும், ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அவ்வப்போது செவிலியரும் மருத்துவரும் பார்த்துச் சொல்வதும் சேர்ந்துகொண்டன.

2015இல் தி லான்செட் இதழில் வெளியான முடிவு, இந்தத் துறையில் பலருக்கும் தெம்பூட்டியது. இரு குழுவினரின் மதிப்பெண்களும் உயர்ந்திருந்தன. ஆனால் முழு ஏற்பாடு பெற்றவர்களிடம் ஒட்டுமொத்த நினைவு, சிந்தனைத் திறனில் முன்னேற்றம் 25% கூடுதலாக இருந்தது. திட்டமிட்டுச் செயல்படும் திறனிலும் சிந்தனை வேகத்திலும் இடைவெளி இன்னும் பெரிது. பிறகு நடந்த ஆய்வில், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ 4 என்ற மரபணு வகையைச் சுமப்பவர்களுக்கும் பலன் கிட்டியது தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது, இனி என்ன செய்து என்ன என்று சோர்ந்துபோகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

அதே மூச்சில், அந்த முடிவு எதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிங்கர் அளந்தது சோதனைத் தாளில் பெற்ற மதிப்பெண்ணை. எத்தனை பேருக்கு மறதிநோய் வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை என்பதை அல்ல. இரண்டே ஆண்டுகளில் அதை அளக்கவும் முடியாது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டதால், இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்கவும் முடியாது. இதே போன்ற எண்ணத்தில் பிரான்சிலும் நெதர்லாந்திலும் நடந்த பெரிய சோதனைகளில் இத்தகைய தெளிவான பலன் தென்படவும் இல்லை.

இந்தத் துறையில் ஆசை எவ்வளவு எளிதில் ஆதாரத்தை முந்திவிடும் என்பதற்கு மைண்ட் உணவுமுறையின் கதை நல்ல சாட்சி. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறை அது. மத்திய தரைக்கடல் உணவையும் ரத்த அழுத்தம் குறைக்கும் டேஷ் உணவையும் கலந்து, கீரை, பெர்ரி, கொட்டைப் பருப்புகள், பயறு, தீட்டாத தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், சீஸ், சிவப்பு இறைச்சி, வறுத்த தின்பண்டம், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்தது. 2015இல் 923 முதியவர்களைக் கவனித்த ஆய்வு, இம்முறைக்கு மிக நெருக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் நோய் 53% குறைவாக இருந்ததாகக் காட்டியது. அந்த எண் உலகமெங்கும் செய்தியாயிற்று. பிறகு அதே உணவுமுறை குலுக்கல் சோதனைக்கு வந்தது. 604 பேர், மூன்று ஆண்டுகள். 2023இல் முடிவு வந்தபோது, மைண்ட் உணவு உண்டவர்களுக்கும், வழக்கமான உணவையே சற்று அளவு குறைத்து உண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாரிஸ் 2020இலேயே காலமாகிவிட்டார். தன் வாழ்நாள் உழைப்புக்கு வந்த இந்த விடையை அவர் பார்க்கவில்லை.

உடற்பயிற்சிக்கும் இதே போன்ற ஒரு முட்டுக்கட்டை உண்டு. லண்டனில் 1985இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் இரண்டாம் ஆய்வின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, மறதிநோய் கண்டறியப்படுவதற்கு ஏறக்குறைய 9 ஆண்டுகளுக்கு முன்பே அந்த நபர்களின் உடலியக்கம் குறையத் தொடங்கியதைக் காட்டியது. அதாவது, நடக்காததால் நோய் வந்தது என்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு, நோய் உள்ளே தொடங்கிவிட்டதால் நடை குறைந்தது என்பதாகவும் இருக்கலாம். சில ஆண்டுகள் மட்டும் கவனித்துவிட்டு, நடப்பவர்களுக்கு நோய் பாதியாகிறது என்று முழங்கும் செய்திகளை நான் சந்தேகத்துடன் படிப்பது இதனால்தான். வட கரேலியா போல இருபது ஆண்டு இடைவெளி விட்டுப் பார்த்த ஆய்வுகளுக்கு மதிப்பு கூடுவதும் இதனால்தான்.

இத்தனை தடைகளுக்குப் பிறகும் வழி அடைபட்டுவிடவில்லை. ஃபிங்கர் முறையை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி நடத்திய யு.எஸ். பாயிண்டர் சோதனையின் முடிவு 2025 ஜூலையில் வெளிவந்தது. 60 முதல் 79 வயதுள்ள 2,111 பேர். அசையாத வாழ்க்கையும் சரியில்லாத உணவும் கொண்டவர்கள். ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளில் 38 கூட்டங்கள், வாரத்துக்கு நான்கு நாள் நடை போன்ற பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மைண்ட் உணவு, கணினிப் பயிற்சி, யாராவது ஒருவர் தொடர்ந்து விசாரிக்கும் ஏற்பாடு. மற்றொரு குழுவுக்கு ஆறே கூட்டங்கள். தங்களுக்கு ஒத்துவருவதைத் தாங்களே தேர்ந்து செய்துகொள்ளலாம். இரு குழுவினரும் முன்னேறினார்கள். முறையாக நடத்தப்பட்ட குழு சற்றுக் கூடுதலாக முன்னேறியது. அந்தச் 'சற்று' உண்மையில் சிறியதுதான், எதுவுமே செய்யாத மூன்றாவது குழு ஒன்று இல்லாததால் முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு திரும்பத் திரும்பச் சோதனை எழுதிய பழக்கத்தால் வந்தது என்றும் தெரியாது. ஆயினும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 38 என்ற எண். என்ன சாப்பிட வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பது இரு குழுக்களுக்கும் தெரிந்திருந்தது. கூடுதலாகக் கிடைத்தது கூட்டாளிகளும், நாள் குறித்த சந்திப்பும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒரு குரலும்தான்.

தி லான்செட் இதழ் அமைத்த மறதிநோய் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை அது பட்டியலிட்டு, அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகின் மறதிநோயில் ஏறக்குறைய 45%ஐத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. உடலியக்கக் குறைவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் பங்கு 2% மட்டுமே. கெட்ட கொலஸ்ட்ராலுக்கு 7%, காது கேளாமைக்கும் 7%. உணவு என்று தனியாக ஒரு வரியே கிடையாது. இதைப் பார்த்து, சாப்பாட்டுக்கும் மறதிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டினால் தவறிவிடுவோம். பட்டியலில் உள்ள கொலஸ்ட்ரால், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன் என்ற நான்குமே தட்டிலிருந்தும் நாற்காலியிலிருந்தும்தான் பெருமளவு பிறக்கின்றன. உணவு அங்கே தன் பெயரில் இல்லை. நான்கு வேறு பெயர்களில் இருக்கிறது. ஆகவே இந்தக் கீரை நினைவைக் கூட்டுமா, அந்தக் கொட்டை மூளைக்கு நல்லதா என்று கேட்பதைவிட, இந்தச் சாப்பாடு என் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் என்ன செய்கிறது என்று கேட்பதே நேரான கேள்வி. வல்லாரைக்கு நம் மரபில் பெரிய பெயர் உண்டு, கீரையாக உண்பதில் குறையும் இல்லை; ஆனால் அது மறதிநோயைத் தடுக்கிறது என்று நிறுவிய பெரிய, முறையான சோதனை இல்லை. வைட்டமின் மாத்திரைகளும் அப்படித்தான்: மறதிநோயைத் தடுப்பதற்கென்று பி, ஈ வைட்டமின்களையோ மீன் எண்ணெய் மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்பதே 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இந்தக் கேள்வியை நம் வீட்டுத் தட்டிடம் கேட்டுப் பார்ப்போம். பகல் சாப்பாட்டில் முதலில் ஒரு குவியல் சோறு, அதன் நடுவே குழி பறித்துக் குழம்பு. அடுத்து ரசத்துக்கு இன்னொரு கரண்டி, மோருக்கு மற்றொன்று. பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி. கூடவே அப்பளமும் ஊறுகாயும். என் அம்மாவின் தட்டை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்; சோறு காய்கறியைப் போல ஆறு மடங்கு இருந்தது. அவர் குறைவாகச் சாப்பிடுகிறவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இது ஒரு வீட்டுக் கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின்படி, இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவாக அரைத்த தானியம், சர்க்கரை. அதே ஆய்வு 2023இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

2025இல் வெளியான அந்த ஆய்வின் உணவுக் கட்டுரையில் ஒரு முடிவை நம்மவர்கள் அனைவரும் அறிய வேண்டும். தீட்டிய அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவது மட்டும், மொத்த மாவுச்சத்தின் அளவு குறையாதவரை, சர்க்கரை நோய் ஆபத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. நாளின் மொத்தக் கலோரியில் 5% அளவை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால் பொருள் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறையும் என்று அதன் கணக்கு காட்டியது. கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இரண்டு உருண்டை கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி. நடைமுறையில் இது பெரிய புரட்சி எதையும் கேட்கவில்லை. இரண்டாம் கரண்டிச் சோற்றின் இடத்தில் சுண்டலோ தட்டைப்பயறோ கூட்டோ வரட்டும். பொரியல் தேக்கரண்டியிலிருந்து கிண்ணத்துக்கு மாறட்டும். மத்தி, நெத்திலி கிடைக்கும் ஊரில் அதை வறுக்காமல் குழம்பாக வைக்கலாம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்க்கும் உப்பை மட்டும் கணக்கில் எடுக்கத் தவறக் கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை ஆதாரம் இன்னும் நேரடியானது: அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் சோதனையில் (பெயரில் மட்டும்தான் மைண்ட்; அந்த உணவுமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை), மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140க்குக் கீழே போதும் என்று விடப்பட்ட குழுவைவிட, மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைபாடு 19% குறைவாக இருந்தது. மருந்தால் குறைத்தாலும் உப்பைக் குறைத்துக் குறைத்தாலும் ரத்தக்குழாய்க்கு அழுத்தம் அழுத்தம்தான்; அதற்காக, மருத்துவர் எழுதிய மாத்திரையை விட்டுவிட்டு உணவால் மட்டும் சரிசெய்கிறேன் என்று இறங்குவது ஆபத்தானது.

உடற்பயிற்சி இதற்கு அப்பாலும் சில வேலைகளைச் செய்கிறது. இயங்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் உயரம் குறைவது இதனால்தான். நரம்பு செல்கள் பிழைத்துத் தழைக்க உதவும் பி.டி.என்.எஃப் என்ற புரதமும் உடற்பயிற்சியின்போது கூடுகிறது. 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் நடந்த சோதனையில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களின் மூளையில், புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஓராண்டில் 2% பெருத்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. பின்னர் வந்த எல்லாச் சோதனைகளும் இதே விளைவைக் காட்டவில்லை என்பதால், இதை ஒரு நல்ல தடயமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு போதும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கூடவே வாரம் இரண்டு நாள் தசை வலுவுக்கானது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி மூன்று நாள். நம் ஊரில் நடைக்கு ஓரளவு மதிப்பு வந்துவிட்டது. விடியற்காலையில் கடற்கரையிலும், வெயில் தாழ்ந்தபின் மொட்டை மாடியிலும் சுற்றி வருகிறவர்கள் நிறைய. ஆனால் தசைப் பயிற்சி இன்னும் இளைஞர்களின் ஜிம் சமாச்சாரமாகவே கருதப்படுகிறது. அறுபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்றால் இப்படித்தான்: கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து நின்று மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் ஐந்து முறையே தொடையை நடுங்கவைக்கும். மூன்றாம் வாரத்தில் பத்து வரும். சுவரில் கை ஊன்றி உடலை முன்சாய்த்துத் தள்ளுவதும், துணி காயும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் இதே வகைதான். இதற்குச் செலவு கிடையாது. தடுப்பது பெரும்பாலும் வேறு விஷயம்: விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அந்த இருபது நிமிடத்தை வீட்டில் யாரும் ஒதுக்கித் தருவதில்லை. நாள் முழுக்க வேலை செய்கிறாளே, அதுவே உடற்பயிற்சி இல்லையா என்கிறார்கள். நின்றபடி செய்யும் வேலை களைப்பைத் தருமே தவிர, மூச்சு வாங்கும் பயிற்சியின் பலனைத் தராது. வட கரேலியாவின் மரவெட்டிகளே அதற்குச் சாட்சி. உழைப்பு அவர்களை மாரடைப்பிலிருந்து காக்கவில்லை, 2005ஆம் ஆண்டுக் கட்டுரை பலன் கண்டதும் ஓய்வுநேரப் பயிற்சியில்தான்.

நோய் வந்துவிட்ட பிறகு நிலைமை வேறு. இங்கிலாந்தில் லேசானது முதல் நடுத்தர அளவு வரையிலான மறதிநோய் உள்ள 494 பேரிடம், டாப்பா என்ற சோதனையில் நான்கு மாதம் கடுமையான பயிற்சி தரப்பட்டது. உடல் வலு கூடியது, நினைவு இழப்பின் வேகம் குறையவில்லை. இது 2018இல் வெளிவந்த முடிவு. ஆகவே நோயாளியை விரட்டி விரட்டி நடக்கவைத்தால் நினைவு திரும்பும் என்று நம்பி இருவரும் வாடிப்போக வேண்டாம். மறதி தலைகாட்டும்போது முதலில் செய்ய வேண்டியது மருத்துவரிடம் போவது; பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். சைவ உணவு உண்போரிடம் பி12 குறைபாடு நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படுவது. இதையெல்லாம் தாண்டியும் நோய் வரலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் நடந்து, எல்லா எண்களும் சீராக இருந்தவருக்கும் வரும். அவர் எங்கோ தவறிவிட்டார் என்று யாரும் தேடக் கூடாது. 45% என்ற அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் 55% இருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4% பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்பது 2023இல் வெளியான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் மகளோ மருமகளோ மகனோ, வயது பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். அம்மாவின் மருந்து வேளை தவறாத அந்த வீட்டில், மகளின் ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று கேட்டால் பதில் வருவதில்லை. இரவுத் தூக்கம் கெட்டு, நின்றபடி ஏதோ ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே கால் வைக்காமல் அவளுக்கு ஆண்டுகள் கழிகின்றன. 1998இல் ஃபின்லாந்தில் மீண்டும் அழைக்கப்பட்டவர்களின் நினைவைப் பற்றி முன்கூட்டியே பேசிய அந்த ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் முதன்முதலில் அளந்து எழுதப்பட்டபோது, அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 50.